‘மறந்துடு’ என்பது மருந்தல்ல! தீ, சுனாமி, கஜா... டெல்டாவின் மனக்காயங்களை தெரபி எப்படி ஆற்றுகிறது?

கும்பகோணம் காசிராமன் தெருவில் ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று பெற்றோர்கள் கூடுகிறார்கள். பிள்ளைகளின் படங்களுக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். 2004-ல் இதே நாளில், மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 18 குழந்தைகள் தீக்காயங்களோடு தப்பினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பெற்றோர்களின் தலை நரைத்துவிட்டது. படங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வயது ஏறவே இல்லை.

அந்தத் துயரம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, நாகப்பட்டினம் கடற்கரையில் சுனாமி ஏறி வந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்கள் போகவில்லை. பிறகு, 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன.

காவிரி பாயும் இந்தச் சின்ன நிலப்பரப்பு 15 ஆண்டுகளுக்குள் இத்தனையையும் பார்த்துவிட்டது. வீடு கட்டிக் கொடுத்தாகிவிட்டது, படகு வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, தென்னங்கன்றும் நட்டாகிவிட்டது. மனசுக்கு ஏற்பட்ட காயத்துக்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் கிடைத்தது ஒரே ஒரு மருந்து: “நடந்தது நடந்துபோச்சு... மறந்துடும்மா!”

அன்போடு சொல்வதுதான். ஆனால், அது ஏன் வேலை செய்வதில்லை? மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இதற்குப் பதிலாக என்ன செய்கிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

துக்கம் வேறு, மனக்காயம் வேறு

நெருங்கியவர் இறந்தால் அழுவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, தூக்கம் கெடுவது எல்லாம் இயல்பு. அது நோயல்ல. நம் ஊர்ப்பக்கம் அதற்கென்றே ஏற்பாடுகள் உண்டு. ஒப்பாரி வைத்து மனசைக் கொட்டித் தீர்ப்பார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பதினாறாம் நாள் காரியம்வரை வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். யாராவது ஒருவர் தட்டில் சோறு போட்டு “ஒரு வாய் சாப்பிடு” என்று வற்புறுத்துவார்.

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் மெல்ல மெல்ல எழுந்து வருகிறார்கள்.

மனக்காயம் என்பது வேறு. தன் உயிருக்கோ, கண்முன் இருக்கும் இன்னொருவர் உயிருக்கோ பேராபத்து வந்து, கையாலாகாமல் நிற்க நேர்ந்த அனுபவம் அது. விபத்து, தீ, வெள்ளம், பாலியல் வன்முறை, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை, சிறு வயதுக் கொடுமை... எதுவாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘ட்ராமா’ என்கிறார்கள். யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் இதற்கு ‘மனவடு’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குப் பிறகும் கீழ்க்கண்டவை தொடர்ந்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதை ‘பி.டி.எஸ்.டி’ என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள்.

* நடந்த காட்சி, கூப்பிடாமலேயே கண்முன் வந்து நிற்பது, கெட்ட கனவு.
* அந்த இடம், அந்த வாசனை, அந்தப் பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது. கடலோரத்திலேயே பிறந்தவர் கடல் பக்கமே போகாமல் இருப்பது போல.
* சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, எரிச்சல், தூக்கமின்மை, எப்போதும் ஏதோ நடக்கப்போகிறது என்ற பதற்றம்.
* ‘என்னாலதான் போச்சு’ என்ற குற்ற உணர்வு. யாரோடும் ஒட்டாமல் மரத்துப்போன மனசு.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதற்கு இந்தப் பெயர் கொடுத்து, நோய்களின் பட்டியலில் சேர்த்தது 1980-ல்தான். நம் ஊரில் இதே அறிகுறிகளுக்கு ‘பயந்த கோளாறு’, ‘காத்து கருப்பு’ என்று பெயர் வைத்து, மந்திரித்துக் கயிறு கட்டிவிடுவது பல காலமாக நடக்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளைக்குள் ‘அமிக்டலா’ என்றொரு சிறிய பகுதி இருக்கிறது. ஆபத்து என்றால் மணி அடிப்பது அதன் வேலை. அந்த மணி அடித்ததும் இதயம் வேகமாகத் துடிக்கும், கை கால் ஓடத் தயாராகும். பக்கத்திலேயே ‘ஹிப்போகேம்பஸ்’ என்ற பகுதி. ஒரு சம்பவம் எங்கே, எப்போது நடந்தது, எப்படி முடிந்தது என்று தேதி போட்டுப் பத்திரப்படுத்துவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

தாங்க முடியாத பயத்தின்போது மணி அடிப்பது உச்சத்துக்குப் போகிறது; தேதி போடும் வேலை சரியாக நடப்பதில்லை. புகை வாசனை, அலறல், அலைச் சத்தம் எல்லாம் துண்டு துண்டாகப் பதிந்துவிடுகின்றன. ‘அது முடிந்துவிட்டது’ என்ற முத்திரை மட்டும் விழுவதில்லை.

அதனால்தான், அடுத்த வீட்டில் குப்பை எரியும் வாசனை வந்தால்கூட, உடம்பு அன்றைக்கு நடந்ததையே மறுபடி அனுபவிக்கிறது. பாதிக்கப்பட்டவர் நடிக்கவில்லை, பிடிவாதம் பிடிக்கவில்லை. அவர் உடம்புக்கு அந்தச் சம்பவம் இன்னும் முடியவில்லை.

இங்கேதான் ‘மறந்துடு’ தோற்றுப்போகிறது. நினைவை அமுக்க அமுக்க, அது வேறு வழியாக வரும். வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் போய்விடுமா என்ன... வயலுக்குள் ஏறத்தானே செய்யும்? தவிர்க்கத் தவிர்க்க, ‘அந்த நினைவு ஆபத்தானது’ என்று மூளை இன்னும் உறுதியாக நம்பத் தொடங்குகிறது. பயப்படும் விஷயங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

எல்லோருக்கும் தெரபி தேவையா?

தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் சுமார் 70 சதவிகிதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிப்பட்ட கொடிய அனுபவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பி.டி.எஸ்.டி வருவது 5.6 சதவிகிதம் பேருக்குத்தான். மற்றவர்களைக் குடும்பமும் உறவும் வேலையும் வழிபாடும் காலமும் தேற்றிவிடுகின்றன.

பி.டி.எஸ்.டி வந்தவர்களிலும் 40 சதவிகிதம் பேர்வரை ஓராண்டுக்குள் மீண்டுவிடுகிறார்கள் என்கிறது அதே நிறுவனம். வருத்தமான செய்தி எது தெரியுமா? குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இந்தப் பாதிப்பு உள்ளவர்களில் நான்கில் ஒருவர்தான் சிகிச்சை தேடுகிறார். மற்ற மூவரும் ‘இது என் தலையெழுத்து’ என்று வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

பேரிடர் நடந்த முதல் சில நாள்களில் தேவைப்படுவது ‘மனநல முதலுதவி’. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கொரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்றே சொற்கள்: பார், கேள், இணை. பாதுகாப்பு இருக்கிறதா, உடனடித் தேவை என்ன என்று பார்ப்பது. பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேட்பது. குடும்பத்தோடும் உதவிகளோடும் இணைத்துவிடுவது.

செய்யக் கூடாதது ஒன்றும் உண்டு. ‘என்ன நடந்தது, முழுசா சொல்லு’ என்று உடனே உட்காரவைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பிரபலம். அதனால் பலன் இல்லை, சிலருக்குப் பாதிப்பு கூடுகிறது என்று தெரிந்த பிறகு, அதைப் பரிந்துரைப்பதில்லை. கேமராவை நீட்டி ‘எப்படி இருந்தது உங்களுக்கு?’ என்று கேட்பதும் ஏறக்குறைய இதே கதைதான். முதல் மாதத்தில் பதற்றத்துக்காகக் கொடுக்கப்படும் சில வகைத் தூக்க மாத்திரைகளையும் 2013-ல் வெளியான அந்த நிறுவனத்தின் வழிகாட்டுதல் தவிர்க்கச் சொல்கிறது.

நாகையில் என்ன செய்தார்கள்?

சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. உயிர்கள் போன வேகத்தில், பல உடல்களை மொத்தமாகப் புதைக்க வேண்டியிருந்தது. முகம் பார்க்கவில்லை, சடங்கு செய்யவில்லை. சிலருக்கு உடலே கிடைக்கவில்லை. ஒப்பாரியும் பதினாறாம் நாளும் இல்லாத சாவு. துக்கம் விசாரிக்க வேண்டிய பக்கத்து வீட்டிலும் சாவு. நம் மரபு வைத்திருந்த மருந்து எதுவும் அன்று கைகொடுக்கும் நிலையில் இல்லை.

மனநல மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். எனவே, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், 1999 ஒடிசா புயலிலும் 2001 குஜராத் பூகம்பத்திலும் கற்ற பாடத்தைத் தமிழகத்துக்குக் கொண்டு வந்தது. ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தொண்டர்கள் என உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுப்பதுதான் அந்தத் திட்டம்.

அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது சிக்கலான வித்தை எதுவும் இல்லை. மனசில் இருப்பதைக் கொட்டவிடுவது. அவர் இடத்தில் நின்று யோசிப்பது. கவனமாகக் கேட்பது. உறவுகளோடு சேர்த்துவிடுவது. விளையாட்டு, வேலை, பாட்டு என்று கவனத்தை வெளியே கொண்டுவருவது. உடம்பைத் தளர்த்தப் பழக்குவது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு வழிபாட்டைத் துணையாக்குவது. பிள்ளைகளுக்குப் படம் வரைதல், களிமண் பொம்மை, கதை சொல்லுதல். யாருடைய நிலை இதையும் தாண்டிப் போகிறதோ, அவர்களை மட்டும் மருத்துவரிடம் அனுப்புவது.

சென்னையின் கடற்கரைக் குப்பங்களில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘ஸ்நேகா’ அமைப்பும் இதேபோல ஒரு முயற்சி செய்தது. சுனாமியில் உறவுகளை இழந்த குடும்பங்களைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் தொடர்ந்து வீடு தேடிச் சென்று சந்தித்தார்கள். இந்தச் சந்திப்பு கிடைக்காத இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டபோது, கிடைத்த பகுதியில் மனச்சோர்வு குறைவாக இருந்தது. 2008-ல் இந்த ஆய்வு வெளியானது. பட்டம் பெற்ற நிபுணர் இல்லாத இடத்தில்கூட, விடாமல் வந்து உட்கார்ந்து கேட்கும் ஒரு மனிதர் எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு இது சாட்சி.

நாகையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. கும்பகோணம் தீ விபத்தின்போது தஞ்சை கலெக்டராகவும், சுனாமிக்குப் பிறகு நாகை கலெக்டராகவும் இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன், பணி மாறிப் போன பின்னும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வந்துகொண்டிருந்ததைத் தமிழ்நாடே அறியும். இன்று அவர்களில் பலர் படித்து, வேலைக்குப் போய், திருமணம் முடித்துவிட்டார்கள். குழந்தையின் மனக்காயம் ஆற, ‘நாளைக்கும் வருவார்’ என்று நம்பக்கூடிய ஒரு பெரியவர் வேண்டும் என்று உளவியலாளர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தெரபி அறைக்குள் என்ன நடக்கும்?

‘கவுன்சலிங்னா அட்வைஸ் பண்ணுவாங்க’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மனக்காயத்துக்கான தெரபியில் அறிவுரைக்கு இடம் மிகக் குறைவு. பொதுவாக வாரம் ஒரு முறை, 8 முதல் 12 சந்திப்புகள். சிலருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். வேலை மூன்று கட்டமாக நடக்கும்.

முதல் கட்டம், பாதுகாப்பு. எடுத்தவுடன் பழைய கதையைத் தோண்ட மாட்டார்கள். இப்போது வீட்டில் ஆபத்து இருக்கிறதா, தூக்கம் எப்படி, தற்கொலை எண்ணம் உண்டா என்று விசாரிப்பார்கள். பதற்றம் வரும்போது மூச்சை மெதுவாக விடுவது, தரையில் பாதத்தை அழுத்தி ‘நான் இப்போது இங்கே இருக்கிறேன்’ என்று உடம்புக்கு உணர்த்துவது போன்ற பயிற்சிகளைப் பழக்குவார்கள். ‘உனக்கு நடப்பது பைத்தியமில்லை, இப்படி ஒரு காரணம் இருக்கிறது’ என்று விளக்குவார்கள். பலருக்குப் பாதி பாரம் இங்கேயே இறங்கிவிடும்.

இரண்டாம் கட்டம், நினைவை எதிர்கொள்வது. ஒரு கற்பனை உதாரணம். சுனாமியில் கையைப் பிடித்திருந்த மகனை அலையிடம் இழந்த ஒரு தாய். ‘நான் கையை விட்டுட்டேன்’ என்பதே இத்தனை ஆண்டுகளாக அவர் மனசில் ஓடும் ஒரே வாசகம். தெரபியில் அந்தக் காலையை, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, தன் வேகத்தில், துணைக்கு ஒருவர் இருக்கச் சொல்கிறார். அழுகை வரும், உடம்பு நடுங்கும். தெரபிஸ்ட் நிறுத்தி, மூச்சு விடவைத்து, மறுபடி கூட்டிப்போவார். சொல்லச் சொல்ல, துண்டுகள் ஒரு வரிசைக்கு வரும். இதுவரை கண்ணில் படாத ஒன்றும் தெரிய வரும்: அவர் கையை விடவில்லை, அலை பிடுங்கிக்கொண்டது. அந்த வேகத்தில் யார் பிடித்திருந்தாலும் நின்றிருக்காது.

துக்கம் போகாது. ஆனால் ‘நான் கொன்றேன்’ என்று நெஞ்சில் சுமந்த பாரம் இறங்கத் தொடங்கும். மனசில் உறைந்துபோன இப்படிப்பட்ட எண்ணங்களை எடுத்து வைத்து, அது உண்மைதானா என்று சேர்ந்து சோதிப்பதுதான் ‘சி.பி.டி’ எனப்படும் சிகிச்சையின் மையம். மனக்காயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட சி.பி.டி-யை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

மூன்றாம் கட்டம், வாழ்க்கைக்குத் திரும்புவது. தவிர்த்த விஷயங்களைப் படிப்படியாக நெருங்குவது. கடலைக் கண்டு பயந்தால், முதல் வாரம் கடலின் போட்டோ. அடுத்து தூரத்திலிருந்து பார்ப்பது. பிறகு மணலில் உட்காருவது. அப்புறம் ஒரு நாள் கால் நனைப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, உச்சம் தொட்டு, தானாக இறங்குவதை உடம்பே கற்றுக்கொள்ளும்.

கயிறு, பூ, கல்

ஜெர்மனியின் கோன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள், போரில் சிக்கியவர்களுக்காக உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. பார்க்க விளையாட்டு போலத் தெரியும்.

தரையில் ஒரு கயிறு போடப்படும். அதுதான் அவர் வாழ்க்கை. ஒரு முனை பிறப்பு. சந்தோஷமான ஒவ்வொரு சம்பவத்துக்கும் கயிற்றின் மேல் ஒரு பூ. பயங்கரமான ஒவ்வொன்றுக்கும் ஒரு கல். பெரிய துயரத்துக்குப் பெரிய கல். வைத்து முடித்ததும் முழு வாழ்க்கையும் கண்முன் கிடக்கும். அடுத்தடுத்த சந்திப்புகளில் பிறப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பூவையும் கல்லையும் பற்றிப் பேசிக்கொண்டே வருவார்கள். தெரபிஸ்ட் அதை எழுதி, கடைசியில் ஒரு முழுக் கதையாகப் படித்துக் காட்டி, அவர் கையிலேயே கொடுப்பார்.

வாழ்க்கை முழுக்கக் கல்தான் என்று நினைத்திருந்தவருக்கு, கல்லுக்கு முன்னும் பின்னும் பூக்கள் இருப்பது தெரியும். கல் தன் இடத்தில், தன் தேதியில் உட்காரும்.

இந்த முறை தமிழ்ப் பிள்ளைகளிடமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. போரும் சுனாமியும் ஒருங்கே தாக்கிய இலங்கையின் வடகிழக்கில், முகாமில் இருந்த 31 பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்தக் கதை சொல்லும் சிகிச்சை. இன்னொரு குழுவுக்குத் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவில் 81 சதவிகிதமும் இரண்டாம் குழுவில் 71 சதவிகிதமும் மீண்டிருந்தார்கள். 2009-ல் வெளியான இந்தச் சிறிய ஆய்வு ஒன்றை உறுதிப்படுத்தியது: பேச முடிந்தவர்களுக்கு ஒரு வழி, பேச முடியாதவர்களுக்கு இன்னொரு வழி. இரண்டுமே திறந்திருக்கின்றன.

‘இ.எம்.டி.ஆர்’ என்று இன்னொரு முறையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சீன் ஷாப்பிரோ 1987-ல் கண்டறிந்தது. துயர நினைவை மனசில் வைத்துக்கொண்டே, தெரபிஸ்ட் இடமும் வலமும் அசைக்கும் விரலைக் கண்ணால் பின்தொடர வேண்டும். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், வெளியே சொல்ல முடியாத கொடுமைகளை அனுபவித்தவர்களுக்கு இது ஆறுதல். கண்ணசைவு ஏன் உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. பலன் இருக்கிறது என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் இதுவும் இருக்கிறது.

மனச்சோர்வு சேர்ந்திருந்தாலோ, தெரபி மட்டும் போதவில்லை என்றாலோ மனநல மருத்துவர் மாத்திரையும் எழுதலாம். அதை நாமாக நிறுத்தக் கூடாது.

பிள்ளைகள் வேறு மொழியில் சொல்வார்கள்

‘எனக்கு மனசு சரியில்லை’ என்று ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. படுக்கையை நனைப்பது, அம்மா முந்தானையை விடாமல் பிடித்திருப்பது, அடிக்கடி வயிற்றுவலி, நடந்ததையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப விளையாடுவது... இவையே அதன் பேச்சு. அடித்துத் திருத்த வேண்டிய குறும்பு இது என்று நினைத்துவிடக் கூடாது.

பெரியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, மறைப்பது. ‘அண்ணன் ஊருக்குப் போயிருக்கான்’ என்று சொல்லிவைத்தால், குழந்தை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். அல்லது ‘நான் சண்டை போட்டதாலதான் போயிட்டான்’ என்று தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். வயதுக்கு ஏற்ற எளிய சொற்களில் உண்மையைச் சொல்வதும், ‘இதுல உன் தப்பு எதுவும் இல்ல’ என்று வெளிப்படையாகச் சொல்வதும் முக்கியம். சாப்பாட்டு நேரம், பள்ளிக்கூடம், விளையாட்டு என்று அன்றாட ஒழுங்கு சீக்கிரம் திரும்பினால் குழந்தை சீக்கிரம் தேறும்.

உயிர் தப்பிய பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. ‘அவங்க போயிட்டாங்க, நான் மட்டும் ஏன் இருக்கேன்?’ என்ற கேள்வி. தீயிலும் வெள்ளத்திலும் நண்பர்களை இழந்தவர்களிடம் இது வளர்ந்த பிறகும் தொடரலாம். திருமணம், முதல் குழந்தை, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாள் போன்ற தருணங்களில் பழைய பயம் தலைதூக்கும். 20 ஆண்டு கழித்துத் தெரபிக்குப் போவதில் தாமதம் என்று எதுவும் இல்லை. பலர் அப்போதுதான் வருகிறார்கள்.

அழாத ஆண்கள்

‘பெத்த பிள்ளை கைவிட்டாலும் நட்ட பிள்ளை கைவிடாது’ என்று தென்னையைச் சொல்லும் பூமி இது. மரத்தையே ‘பிள்ளை’ என்கிறோம். கஜா அன்றைக்குச் சாய்ந்தது வருமானம் மட்டும்தானா? தாத்தா நட்டு, அப்பா தண்ணீர் ஊற்றிய மரங்கள் வேரோடு கிடப்பதைக் காலையில் எழுந்து பார்த்த விவசாயிக்கு, அது சாவு வீடுதான். நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை கடன் காத்திருக்காது.

ஆனால், ‘மரம் விழுந்ததுக்கா அழுவாங்க?’ என்ற கேள்விக்குப் பயந்து ஆண்கள் வாய் திறப்பதில்லை. அவர்களுடைய மனக்காயம் வேறு உருவத்தில் வெளியே வரும். குடி கூடும். காரணமில்லாமல் கோபம் வரும். வயலுக்குப் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் ‘புயல் சின்னம்’ என்று டி.வி-யில் சொன்னாலே தூக்கம் போய்விடும். குடி, தூக்கத்தைக் கொடுப்பதுபோலத் தெரிந்தாலும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் கூட்டவே செய்கிறது. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தெரபி கடனை அடைக்காது. நஷ்ட ஈடு வாங்கித் தராது. கும்பகோணம் வழக்கில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு வரவே 2014 ஜூலை 30 வரை, பத்து ஆண்டுகள் ஆயின. பதில் கிடைக்காத கேள்வி இருக்கும்வரை காயம் முழுசாக மூடுவது கடினம். நியாயமும் நிவாரணமும் காலத்தில் கிடைப்பதும் மனநல சிகிச்சையின் ஒரு பகுதிதான். தெரபியால் செய்ய முடிவது, அந்தப் போராட்டத்தை நடத்தும் தெம்பை மனிதருக்குத் திருப்பித் தருவது.

எங்கே போவது? எவ்வளவு செலவு?

* மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் செயல்படுகிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் இதை ‘நட்புடன் உங்களோடு’ சேவை என்கிறார்கள்.
* தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. குழந்தைகளுக்கு 1098.
* தற்கொலை எண்ணம் வந்தால் ஸ்நேகா: 044-24640050.
* தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். கட்டணம் இல்லை.

தனியாரிடம் போனால், ‘நீங்க என்ன படிச்சிருக்கீங்க? மனக்காயத்துக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவம் இருக்கா? எத்தனை முறை வரணும்?’ என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருவரிடம் மனசு ஒட்டவில்லை என்றால் இன்னொருவரைப் பார்ப்பதும் தவறில்லை.

கோயிலுக்குப் போவதை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். திருச்சி பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பெருமாளிடம் மனநலம் வேண்டி வருகிறவர்கள் ஏராளம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நடப்பவர்களும் உண்டு. பிரார்த்தனை தரும் தெம்பு பெரியது. அந்தத் தெம்போடு மருத்துவரையும் பார்க்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்லலாம்?

‘மறந்துடு’ என்பதற்குப் பதில்: “அவனைப் பத்திப் பேசணும்னா பேசு, நான் கேக்குறேன்.”

‘உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க’ என்பதற்குப் பதில்: “உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு தெரியுது.”

‘அழாதே’ என்பதற்குப் பதில்: எதுவும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள்.

‘டாக்டர்கிட்ட போ’ என்பதற்குப் பதில்: “வியாழக்கிழமை நானும் கூட வர்றேன், சேர்ந்து போயிட்டு வரலாம்.”

தெரபி முடிந்தவர்கள் நடந்ததை மறந்துவிடுவதில்லை. நினைவு நாள் வந்தால் அழத்தான் செய்வார்கள். ஆனால், அழுது முடித்து எழுந்து, உலை வைப்பார்கள். அன்றிரவு தூங்குவார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது, அது போன விதத்தோடு சேர்த்து, அது சிரித்த விதமும் ஞாபகத்துக்கு வரும்.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு அவர் போனில் 14416 என்ற எண்ணைப் பதிவு செய்து கொடுங்கள். முதல் அழைப்பு தயக்கமாக இருக்கும். அதை அவரோடு உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுக்கலாம்.